கொலஸ்ட்ரால்: இறால் பாவமாம், பாமாயில் புண்ணியமாம்!

கடலூர்ல நாப்பது வயசு தாண்டின யாரையும் இப்பல்லாம் நிம்மதியா சாப்பாட்டுக்குக் கூப்பிட முடியலைங்க. இலையில உட்கார்ந்த உடனே "எனக்கு இறால் வேணாம் தம்பி, கொலஸ்ட்ரால் இருக்கு"ன்னு ஆரம்பிச்சுடறாங்க. அடுத்தவர் நண்டு வேணாங்கிறார். இன்னொருத்தர் முட்டையில மஞ்சக்கருவை மட்டும் நோண்டி இலை ஓரமா ஒதுக்கறார். பண்ருட்டிக்காரர் ஒருத்தர், சொந்தத் தோப்புல முந்திரி காய்க்குது, அவர் ஒரு பருப்பைக் கூட வாயில போடறதில்லை. சரி, நல்ல கட்டுப்பாடுதான்னு பார்த்தா, அதே ஆளு சோத்தைக் குவிச்சு வச்சு குழம்பு, ரசம், மோர்னு மூணு சுத்து போறார். நடுவுல பொரிச்ச அப்பளம் நாலு. சாயங்காலம் டீக்கடையில பஜ்ஜி ரெண்டு. கேட்டா, "நான் ஆறு மாசமா பத்தியம் இருக்கேன், ஆனா ரிப்போர்ட்ல ஒண்ணும் குறையலை"ங்கிறார்.

குறையாது அண்ணாச்சி. எப்படிக் குறையும்?

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். நம்ம ஊர்ல கொலஸ்ட்ரால் பத்தியம்ங்கிறது மாசத்துக்கு ரெண்டு தடவை சாப்பிடற பொருளைப் பார்த்து பயப்படறதும், தினம் மூணு வேளை சாப்பிடறதைக் கண்டுக்காம விடறதும்தான். இறாலும் முட்டையும் குற்றவாளிக் கூண்டுல நிக்குது. எண்ணெய் டின்னும் சோத்துக் குண்டானும் ஜாலியா வெளிய சுத்துது. இதுல நம்ம ரேஷன் கடைக்கும் ஒரு பங்கு இருக்கு, அதையும் பேசத்தான் போறேன். கல்லு எறியறவங்க கடைசி வரை படிச்சிட்டு எறியுங்க.

நான் டாக்டர் இல்லை. மென்பொருள் ஆசாமி. போன வருஷம் அப்பாவோட ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கைக்கு வந்தப்பதான் இதையெல்லாம் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். மொத்த கொலஸ்ட்ரால் 248. எச்டிஎல் 36. டிரைகிளிசரைடு 290. எல்டிஎல் 154. அம்மா உடனே வீட்டுல முட்டைக்கும் மீனுக்கும் தடையுத்தரவு போட்டாங்க. எனக்கு அந்தக் கடைசி எண் மேலதான் கண்ணு போச்சு. ஏன்னா பல ஆய்வகங்கள்ல எல்டிஎல்லை நேரா அளக்கறதே இல்லை, கணக்குப் போட்டு எழுதறாங்க! மொத்தத்துல இருந்து எச்டிஎல்லைக் கழி, டிரைகிளிசரைடை அஞ்சால வகுத்து அதையும் கழி. 248ல 36 போச்சு, 58 போச்சு, மிச்சம் 154. 1972ல ஃப்ரீட்வால்டுன்னு ஒருத்தர் குழுவா வெளியிட்ட சூத்திரம் இது. டிரைகிளிசரைடு 400க்கு மேல போனா இந்தக் கணக்கு செல்லாது, அப்ப நேரடியா அளக்கச் சொல்லணும். ரிப்போர்ட்ல ஒரே ஒரு எண்ணை மட்டும் பார்த்து பயப்படறவங்க, நாலு எண்ணையும் பாருங்க. எல்டிஎல் ஏறினதுக்கு ஒரு காரணம், டிரைகிளிசரைடு ஏறினதுக்கு வேற காரணம். பத்தியமும் வேற வேற.

சரி, மேட்டருக்கு வருவோம். உடம்புல ஓடற கொலஸ்ட்ரால்ல பெரும்பகுதி நாம சாப்பிட்டது இல்லைங்க, உடம்பே தயாரிக்கறது. அதுல கல்லீரலுக்குப் பெரிய பங்கு. சிதம்பரத்துல எனக்குத் தெரிஞ்ச ஒரு மாமா, மூணு தலைமுறையா வெங்காயம் பூண்டு கூட சேர்க்காத வீடு, "எனக்கு எப்படிடா கொலஸ்ட்ரால் வந்துது?"ன்னு டாக்டர்கிட்ட சண்டைக்கே போயிட்டார். வரும் மாமா. நெய், வெண்ணெய், கெட்டித் தயிர், பொரிச்ச பலகாரம் எல்லாம் சைவம்தானே?

ரத்தத்துல சுத்தற எல்டிஎல்லைப் பிடிச்சு உள்ள இழுக்கறதுக்கு கல்லீரல் செல்கள் மேல ஏற்பிகள் இருக்கு. இதைக் கண்டுபிடிச்ச பிரவுன், கோல்ட்ஸ்டைன் ரெண்டு பேருக்கும் 1985ல நோபல் பரிசு கிடைச்சுது. எங்க தொழில் பாஷையில சொன்னா கார்பேஜ் கலெக்டர். நிறைவுற்ற கொழுப்பு நிறைய சாப்பிட்டா இந்தக் கலெக்டர் மந்தமாயிடறார், குப்பை ரோட்டுலயே தேங்குது. சாப்பாட்டுல இருக்கற கொலஸ்ட்ராலை விட, இந்த நிறைவுற்ற கொழுப்புதான் பெரும்பாலான ஆட்களுக்கு எல்டிஎல்லை ஏத்தற பெரிய ஆள். பாட்டில்ல "கொலஸ்ட்ரால் இல்லாதது"ன்னு இதயம் படம் போட்டு விக்கிறாங்களே, அதுல ஒரு டகால்டி இருக்கு. எந்தத் தாவர எண்ணெயிலயும் சொல்லிக்கற அளவுக்குக் கொலஸ்ட்ரால் கிடையாது. புளியங்கொட்டையில எலும்பு இல்லைன்னு விளம்பரம் பண்ற மாதிரி அது.

இப்ப கூண்டுல நிக்கறவங்களை ஒவ்வொருத்தரா விசாரிப்போம்.

முட்டை. ஒரு மஞ்சக்கருவுல சுமார் 185 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருக்கு, உண்மைதான். அமெரிக்காவுல ரொம்ப காலம் ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமுக்கு மேல கூடாதுன்னு ஒரு எல்லைக்கோடு வச்சிருந்தாங்க. 2015ல வந்த உணவு வழிகாட்டியில அந்த எண்ணையே எடுத்துட்டாங்க. அதுக்காக தினம் ஆறு ஆம்லெட்டுக்கு லைசென்ஸ் கிடைச்சதா நினைக்காதீங்க. சர்க்கரை இருக்கறவங்க டாக்டரைக் கேட்டுக்கங்க. சாதாரண ஆளு ஒரு முட்டையைப் பார்த்து ஓட வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

இறால். கொலஸ்ட்ரால் நிறைய, ஆனா நிறைவுற்ற கொழுப்பு ரொம்பக் குறைவு. 1996ல நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்துல ஆட்களுக்கு தினம் 300 கிராம் இறால் குடுத்துப் பார்த்தாங்க. (குடுத்து வச்சவங்க!) எல்டிஎல் சுமார் 7 சதவீதம் ஏறிச்சு, நல்லதுன்னு சொல்ற எச்டிஎல் 12 சதவீதம் ஏறிச்சு. தினம் 300 கிராமுக்கே அவ்வளவுதான். கடலூர் முதுநகர்க்காரங்க கூட மாசத்துக்கு நாலு தடவை வாங்குவாங்களா? இறால் விக்கிற விலைக்கு அதுவே சந்தேகம். பிரச்சனை இறால் இல்லை, அது குளிச்சு எழுந்து வர்ற எண்ணெய்.

முந்திரி. அதோட கொழுப்புல பெரும்பகுதி நிறைவுறாத வகை. சென்னையில டாக்டர் மோகன் குழுவினர் சர்க்கரை நோய் இருக்கற 300 பேரை வச்சு ஒரு ஆய்வு செஞ்சு 2018ல வெளியிட்டாங்க. பாதிப் பேருக்கு தினம் 30 கிராம் முந்திரி, 12 வாரம். எடை ஏறலை, எல்டிஎல் ஏறலை, எச்டிஎல் கொஞ்சம் கூடி ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கிச்சு. 30 கிராம்னா ஒரு கைப்பிடி. பண்ருட்டி அண்ணாச்சி, கேக்குதுங்களா? ஆனா நெய்யில வறுத்து உப்பும் மிளகாய்த்தூளும் போட்டது இந்தக் கணக்குல வராது.

இவங்க மூணு பேரையும் ஜாமீன்ல விட்டாச்சு. அடுத்தது எண்ணெய்.

தேங்காய் எண்ணெயில நிறைவுற்ற கொழுப்பு தொண்ணூறு சதவீதம் கிட்ட. நெய்யில அறுபதுக்கு மேல. பாமாயில்ல நாப்பது சதவீதத்துக்குக் குறையாது. கடலை எண்ணெயில இருபதுக்குள்ள, நல்லெண்ணெயில பதினஞ்சு கிட்ட, சூரியகாந்தியில பத்து, பதினொண்ணு. இந்த வரிசையைப் பார்த்த உடனே எனக்கு எங்க வீட்டு அடுப்படி ஷெல்ஃப்தான் ஞாபகம் வந்துது. நம்ம மாவட்டத்துல லட்சக்கணக்கான அடுப்படியில இருக்கறது எது? ரேஷன் பாமாயில். 2007ல சிறப்புப் பொது விநியோகத் திட்டம் ஆரம்பிச்சப்ப வந்தது. லிட்டர் 25 ரூபாய். இந்த விலைக்கு வேற எந்த எண்ணெயும் கிடைக்காது. அதனால வாங்கற ஜனங்களை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். மாசச் செலவை எண்ணி எண்ணிப் பண்ற வீட்டுல அந்த ஒரு லிட்டர் பெரிய உதவி. அதே திட்டத்துல வர்ற துவரம்பருப்பு கொலஸ்ட்ராலுக்கும் நல்லது, அதுக்கு ஒரு கும்பிடு.

ஆனா எண்ணெயை மாத்தலாமான்னு ஒரு அரசாங்கம் யோசிச்சா என்ன நடக்கும்னு ஏற்கனவே ஒரு நாடு செஞ்சு காட்டியிருக்கு. நம்ம ஆளுங்களும் நிறைய இருக்கற நாடுதான். மொரீஷியஸ். கரும்புத் தோட்டத்துக்குப் போன தமிழங்க சந்ததி இன்னைக்கும் அங்க தைப்பூசக் காவடி எடுக்குது. அங்க ரேஷன் எண்ணெய் பெரும்பாலும் பாமாயிலா இருந்துச்சு. 1987ல அரசாங்கம் அதை சோயா எண்ணெயா மாத்திடுச்சு. கூடவே புகை, மது, உடற்பயிற்சி பத்தியும் பிரச்சாரம். அஞ்சு வருஷம் கழிச்சு 1992ல அளந்து பார்த்தா, ஜனங்களோட சராசரி மொத்தக் கொலஸ்ட்ரால் நம்ம கணக்குல 213 கிட்ட இருந்தது 182 கிட்ட வந்துடுச்சு. 1996ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வந்த கட்டுரை இது. இறக்கம் முழுசும் எண்ணெயால மட்டும்னு அவங்களே சொல்லலை, ஆனா எண்ணெய்க்குப் பெரிய பங்கு இருக்குன்னு கணக்குப் போட்டிருக்காங்க. யோசிச்சுப் பாருங்க. தனித்தனியா ஒருத்தரும் பத்தியம் இருக்கலை, மஞ்சக்கருவை நோண்டலை. கடையில வர்ற எண்ணெய் மாறிச்சு.

இங்க கொங்கு பக்கம் தென்னை விவசாயிகள் பாமாயிலை எடுத்துட்டு ரேஷன்ல தேங்காய் எண்ணெய் குடுங்கன்னு கேக்கறாங்க. அவங்க கஷ்டம் புரியுது. இறக்குமதி எண்ணெய்க்குக் குடுக்கற காசை நம்ம விவசாயிக்குக் குடுங்கங்கிறதும் நியாயம்தான். ஆனா கொலஸ்ட்ரால் கணக்குல அது வாணலியில இருந்து அடுப்புக்குள்ள குதிக்கற கதை. 2020ல பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததுல, மத்த தாவர எண்ணெய்களை விட தேங்காய் எண்ணெய் எல்டிஎல்லை சுமார் 10 புள்ளி ஏத்துது. விவசாயியும் பிழைக்கணும், இதயமும் பிழைக்கணும்னா பதில் நம்ம மாவட்டத்துலயே இருக்கு. நிலக்கடலையும் எள்ளும். விருத்தாசலத்துல இருக்கற வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் நிலக்கடலை, எள், முந்திரி மூணுலயும் ரகங்கள் வெளியிட்ட இடம். விதைக்குப் பேரே விஆர்ஐன்னு நம்ம ஊர் பேருதான். முழுசா மாத்த காசு இல்லையா? பாதி பாமாயில் பாதி கடலை எண்ணெய்னு கலந்து குடுக்கட்டும், இல்லை கார்டுதாரர் எது வேணும்னு தேர்ந்தெடுக்கட்டும். செலவு கூடும், மறுக்கலை. ஆஞ்சியோவுக்கும் ஸ்டென்ட்டுக்கும் காப்பீட்டுல அரசு கட்டற காசையும் அந்தத் தராசுல வச்சுப் பார்க்கணுமா இல்லையா?

எந்த எண்ணெயா இருந்தாலும் திரும்பத் திரும்பக் காய்ச்சினா எல்லாம் ஒண்ணுதான். கடைகள்ல பொரிக்கற எண்ணெயில போலார் சேர்மங்கள் 25 சதவீதம் தாண்டக்கூடாதுன்னு 2018 ஜூலையில இருந்து சட்டம் இருக்கு. நம்ம பஸ் ஸ்டாண்ட் பஜ்ஜிச் சட்டிக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரலைன்னு நினைக்கிறேன். டிரான்ஸ் கொழுப்புக்கு 2022 ஜனவரியில இருந்து 2 சதவீத உச்சவரம்பு வந்தது உண்மையிலயே நல்ல காரியம்.

அடுத்த ஆளு சோறு. இங்கதான் நிறைய பேர் முறைப்பீங்க, தெரியும். வீராணம் தண்ணி பாயற ஊர்ல உட்கார்ந்துக்கிட்டு சோத்தைக் குறை சொல்லலாமா? சோத்துல கொழுப்பே இல்லை, அப்புறம் எப்படி? ரிப்போர்ட்ல டிரைகிளிசரைடுன்னு ஒண்ணு இருக்கே, அதை ஏத்தறதுல தீட்டின அரிசிக்கும் சர்க்கரைக்கும் மதுவுக்கும்தான் பெரிய கை. (பக்கத்துல பாண்டி இருக்கற தைரியத்துல வாழற நண்பர்கள் இந்த வரியை ரெண்டு தடவை படிக்கவும்.) மிச்சமாகற மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பா மாத்தி ரத்தத்துல அனுப்புது. சென்னையில நடந்த ஆய்வு ஒண்ணு 2009ல வந்துச்சு. ஜனங்க சாப்பிடற மொத்தக் கலோரியில கிட்டத்தட்ட பாதி தீட்டின தானியத்துல இருந்து வருது, அதுலயும் முக்கியமா வெள்ளை அரிசி. அதிகமா சாப்பிட்டவங்களுக்கு டிரைகிளிசரைடு அதிகம், எச்டிஎல் குறைவு. அப்பாவோட 290ம் 36ம் அப்படியே இதே படம்தான். 2023ல வெளியான இந்திய அளவிலான ஆய்வுல, பெரியவங்கள்ல நூத்துக்கு 81 பேருக்கு ரத்தக் கொழுப்புல ஏதாவது ஒரு கோளாறு இருக்குன்னு சொல்றாங்க. நூத்துக்கு 81 பேரும் நண்டு சாப்பிட்டா கெட்டுப்போனாங்க?

சோத்தை விடச் சொல்லலை. குவியலை விடச் சொல்றேன்.

அப்ப என்னதான் சாப்பிடறது? உடனே ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய், கினோவான்னு பட்டியல் போடற கூட்டம் ஒண்ணு இருக்கு. ஓட்ஸ் நல்லதுதான், மறுக்கலை. ஆனா 2003ல கனடாவுல ஜென்கின்ஸ் குழு செஞ்ச ஆய்வைப் படிச்சப்ப எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. 46 பேர், ஒரு மாசம். ஒரு குழுவுக்கு வெறும் கொழுப்பு குறைஞ்ச சாப்பாடு, எல்டிஎல் 8 சதவீதம் இறங்கிச்சு. ரெண்டாவது குழுவுக்கு அதோட ஸ்டாட்டின் மாத்திரை, 31 சதவீதம். மூணாவது குழுவுக்கு மாத்திரை கிடையாது, சாப்பாடு மட்டும்தான். ஓட்ஸ், பார்லி, இசப்கோல், சோயா, பாதாம், தாவர ஸ்டெரால் சேர்த்த மார்ஜரின், கூடவே யாரு தெரியுமா? வெண்டைக்காயும் கத்தரிக்காயும்! 28.6 சதவீதம் இறங்கிச்சு. கத்தரிக்காய் கொத்சுக்குப் பேர் போன சிதம்பரத்துக்காரன் இதைக் கனடாக்காரன் சொல்லித் தெரிஞ்சுக்க வேண்டியிருக்கு, அவ்வ்வ்.

சூட்சுமம் கரையும் நார்ச்சத்து. வெண்டைக்காய் வழவழப்பு இருக்கே, அந்த வகை. குடல்ல பித்தநீரைப் பிடிச்சு வெளிய அனுப்பிடும். புதுசா பித்தம் செய்ய கல்லீரலுக்குக் கொலஸ்ட்ரால் வேணும், ரத்தத்துல இருந்து எடுத்துக்கும். பருப்பு, பயறு, கொண்டைக்கடலை, காராமணி எல்லாமே இந்த வேலையைச் செய்யும். 2014ல 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததுல, தினம் 130 கிராம் வெந்த பயறு வகை சாப்பிட்டா எல்டிஎல் 5 சதவீதம் குறையுது. 130 கிராம்னா ஒரு கிண்ணம் சுண்டல். நவராத்திரிக்கு மட்டும் செய்யறதைத் தினம் செய்யணும், அதுதான் மொத்தப் பத்தியமும்.

கொத்சு விஷயத்துல ஒரே ஒரு எச்சரிக்கை. நல்லெண்ணெய் மிதக்க மிதக்கச் செஞ்சு, நெய் ஊத்தின சம்பா சாதத்துக்குத் தொட்டுக்கிட்டா அது பிரசாதம், பத்தியம் இல்லை. கத்தரிக்காயைச் சுட்டு மசிச்சு, எண்ணெய் ஒரு கரண்டியோட நிறுத்தி, சோத்துக்குச் சமமா காயைப் போட்டுக்கணும்.

மீன் சாப்பிடறவங்களுக்கு மத்தியும் கானாங்கத்தையும். இதுல இருக்கற ஒமேகா 3 டிரைகிளிசரைடைக் குறைக்க உதவும். நம்ம பக்கம் கவலைன்னு சொல்ற மீனும் மத்தி குடும்பம்தான். கவலை சாப்பிட்டா கவலை குறையும், ஹி ஹி. முள்ளு மீன், மலிவு மீன்னு முகம் சுளிக்கறோம். கடலூர்ல கரையேறற மத்தி நிறைய கேரளாவுக்கு லாரி ஏறுது. குழம்பா வைங்க, பொரிக்காதீங்க.

வெந்தயம்? கேப்பீங்கன்னு தெரியும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1990ல வெளியிட்ட ஆய்வுல கொலஸ்ட்ரால் குறைஞ்சது உண்மை. ஆனா குடுத்த அளவு ஒரு நாளைக்கு 100 கிராம் வெந்தயப் பொடி! நாம ராத்திரி ஊற வைக்கிற ஒரு ஸ்பூன் எங்க, அது எங்க. குடிங்க, கெடுதல் இல்லை. அதை நம்பி மத்ததை விட்டுடாதீங்க.

எங்க வீட்டுல நாலு மாசம் செஞ்சது இவ்வளவுதான்:

1. எண்ணெய் ஆளுக்கு மாசம் அரை லிட்டர். பாமாயில் போய் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும். விலை கூட, அளவு குறைச்சதுல பாதி ஈடாயிடுச்சு.
2. மத்தியானம் சோறு ஒரு கிண்ணம், காய் ஒரு கிண்ணம், பருப்பு இல்லை பயறு ஒரு கிண்ணம்.
3. சாயங்காலம் பஜ்ஜிக்குப் பதில் சுண்டல்.
4. வாரம் ரெண்டு நாள் மத்தியோ கவலையோ, குழம்பா மட்டும்.
5. சில்வர் பீச்ல தினம் முக்கால் மணி நேரம் நடை.

முட்டைக்குத் தடை நீங்கிடுச்சு. நாலு மாசம் கழிச்சு மொத்தம் 204, எச்டிஎல் 38, டிரைகிளிசரைடு 170, எல்டிஎல் 132. அதாவது எல்டிஎல் 14 சதவீதம் இறக்கம். ஜென்கின்ஸோட 28 எங்கன்னு கேக்காதீங்க. அவரே 2011ல, ஆட்களை அவங்கவங்க வீட்டுல சமைச்சுச் சாப்பிட விட்டு ஆறு மாசம் பார்த்தப்ப 13, 14 சதவீதம்தான் வந்துச்சு. வீட்டுச் சாப்பாட்டுல நியாயமா எதிர்பார்க்கக்கூடியது இதுதான்.

இதுக்கப்புறமும் டாக்டர் அப்பாவுக்கு ஒரு சின்ன மாத்திரை எழுதினார். பிரஷரும் வயசும் சேர்த்துப் பார்த்தா 132 போதாதுன்னார். அப்பா மூஞ்சி தொங்கிப் போச்சு, தோத்துட்ட மாதிரி. நான் அப்படிப் பார்க்கலை. சாப்பாட்டால இறங்கின 22 புள்ளி அவர் சம்பாதிச்சது, அதனாலதான் மாத்திரை சின்ன அளவுல நின்னுச்சு.

இதை அழுத்திச் சொல்ல காரணம் இருக்கு. எங்க சொந்தத்துல ஒரு பெரியப்பா, யாரோ அனுப்பின வாட்ஸப் வீடியோவைப் பார்த்துட்டு காலையில பூண்டு எலுமிச்சை இஞ்சிச் சாறு குடிக்க ஆரம்பிச்சு, ஸ்டாட்டினை நிறுத்திட்டார். எட்டாவது மாசம் நெஞ்சு வலி. நிறுத்தினதாலதான் வந்துச்சுன்னு நான் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனா டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "மாத்திரையை யாரு நிறுத்தச் சொன்னா?" அதுக்கு அவர்கிட்ட பதில் இல்லை. வீடியோ போட்டவன் ஆஸ்பத்திரிக்கு வரலை. எல்டிஎல் 190க்கு மேல இருந்தாலோ, குடும்பத்துல சின்ன வயசுலயே மாரடைப்பு வந்திருந்தாலோ அது பரம்பரைக் கோளாறா இருக்கலாம். சுமார் 250, 300 பேருக்கு ஒருத்தருக்கு அது உண்டு. அவங்களுக்குச் சுண்டல் மட்டும் போதவே போதாது.

அதனால நம்ம பதிவர்கள்கிட்ட ஒரு வேண்டுகோள். சமையல் குறிப்பு எழுதறவங்க எண்ணெய் "தேவையான அளவு"ன்னு போடாம எத்தனை ஸ்பூன்னு எழுதுங்க. அரசியல் எழுதறவங்க ரேஷன் எண்ணெயைப் பத்தி ஒரு பதிவு போடுங்க. "கொலஸ்ட்ராலை ஏழே நாளில் கரைக்கும் அற்புதச் சாறு"ன்னு மெயில்ல வர்றதை அப்படியே ஒட்டறவங்க, கீழ "மாத்திரையை நிறுத்தாதீங்க"ன்னு ஒரு வரியாவது சேருங்க. உங்க வீட்டுல மாசம் எத்தனை லிட்டர், எத்தனை பேர்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க, பார்ப்போம்.

டிஸ்கி: மறுபடியும் சொல்றேன், நான் டாக்டர் இல்லை. ரிப்போர்ட்டை எனக்கு அனுப்பாதீங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க. மத்தி குழம்பு வச்சா மட்டும் எனக்குச் சொல்லி அனுப்புங்க.